மராத்தியக் கிராமங்களும் வானொலி மன்றங்களும்

நம் சங்கத்து அன்பர்களில் மூத்தோர் பலருக்கும் வானொலி என்றவுடன் நினைவுக்கு வருவது திருச்சி நிலையம். இரவு சாப்பாடு முடிந்த பிறகு, கூரையில் கட்டிய ஏரியல் கம்பியின் தயவால், இரைச்சலுக்கும் மழைக்கும் நடுவே மெல்ல மிதந்து வரும் தமிழ்க் குரலுக்காகக் குடும்பம் முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த காலம் அது. கிர்க்கியிலும் தேஹு ரோடிலும் ராஸ்தா பேட்டையிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு வானொலி என்பது ஊரோடு நம்மைக் கட்டி வைத்த நூல். அதில் குறை கூற ஒன்றுமில்லை. ஆயினும் அதே ஆண்டுகளில், நம் குடியிருப்பிலிருந்து பத்து மைல் தொலைவிலிருந்த கிராமங்களில், அதே வானொலியைக் கொண்டு உலகம் திரும்பிப் பார்த்த ஒரு காரியம் நடந்தது. நாம் அதைக் கவனிக்கவில்லை. இம்மாநிலத்தின் உப்பைத் தின்று வளர்ந்தவர்கள் நாம். அவ்வரலாற்றை இம்மலரிலேனும் எழுதி வைப்பது தகும் என்று தோன்றியது.

இந்நாட்டில் வானொலி தோன்றிய கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1924-இல் சென்னையில் சில ஆர்வலர்கள் கூடி ஒரு வானொலிக் கழகம் அமைத்தனர். 1927 ஜூலையில் பம்பாயில் ஒரு தனியார் கம்பெனி முறையான நிலையத்தைத் தொடங்கிற்று. மூன்று ஆண்டுகளுக்குள் அந்தக் கம்பெனி நொடித்துப் போயிற்று. பிறகு அரசே அப்பொறுப்பை ஏற்றது. 1936-இல் அகில இந்திய வானொலி என்ற பெயர் வந்தது. 1939-இல் திருச்சியும், சுதந்திரத்திற்குப் பின் 1953 அக்டோபர் 2-ஆம் நாள் பூனாவும் நிலையங்களைப் பெற்றன.

இவையெல்லாம் பேசும் நிலையங்களே. கேட்கும் நிலையங்கள் அல்ல. நகரத்தில் ஒருவர் எழுதி வைத்ததை வாசிப்பார். நாட்டில் உள்ளவர் கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்டவருக்கு அது பிடித்ததா, புரிந்ததா, பயன்பட்டதா என்று அறிய வழியில்லை. பிடிக்காதவர் முள்ளைத் திருப்பிவிடுவார். அவ்வளவே அவர் தெரிவிக்கக்கூடிய கருத்து. 1952-இல் பூனாவில் பிறந்தவரான அமைச்சர் கேஸ்கர் சினிமாப் பாட்டுக்களை அகில இந்திய வானொலியிலிருந்து விலக்கியபோது, நாடெங்கும் மக்கள் அந்தக் கருத்தைத்தான் தெரிவித்தார்கள். முள் இலங்கை வானொலிக்குத் திரும்பிற்று. எங்கள் வீட்டு முள்ளும் அவ்வாறே திரும்பிற்று என்பதை மறைப்பானேன்?

நிற்க. கேட்பவரும் பேசலாம் என்ற எண்ணம் முதலில் பெரிய அளவில் உருப்பெற்றது கனடா நாட்டில். அங்கே பனிக்காலத்தில் பண்ணை வீடுகள் ஒன்றுக்கொன்று மைல்கணக்கில் தனித்துக் கிடக்கும். 1941-இல் அந்நாட்டு வானொலிக் கழகமும் விவசாயிகள் சம்மேளனமும் முதியோர் கல்விச் சங்கமும் சேர்ந்து ஒரு திட்டம் வகுத்தன. வாரம் ஒருநாள் மாலை அண்டை அயலார் ஒரு வீட்டில் கூடுவர், நிகழ்ச்சியைக் கேட்பர், பிறகு தமக்குள் விவாதித்து, முடிவை எழுதி நிலையத்திற்கு அனுப்புவர், அம்முடிவுகளின் சாரம் வானொலியிலேயே திரும்பச் சொல்லப்படும். படி, கேள், விவாதி, செய் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட வாசகம். 1965 வரை இம்முறை அங்கு நடைபெற்றது. யுனெஸ்கோ நிறுவனம் இதைக் கவனித்து, கல்வியறிவு குறைந்த, ஏழ்மை மிக்க நாட்டில் இது செல்லுமா என்று பார்க்க விரும்பிற்று. அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் நம் பூனா.

அப்போது அகில இந்திய வானொலியின் தலைமை இயக்குநராக இருந்தவர் ஜகதீஷ் சந்திர மாதூர். ஐ.சி.எஸ். அதிகாரி, ஹிந்தி நாடகாசிரியரும் ஆவார். கோணார்க்கக் கோயிலைப் பொருளாகக் கொண்டு நாடகம் எழுதியவர். பேச்சின் அருமையை ஒரு நாடகாசிரியர் அறிந்திருந்ததில் வியப்பில்லை. அன்றைய பம்பாய் மாநிலத்தில் மராத்தி வழங்கிய ஐந்து மாவட்டங்கள், அதாவது பூனா, அகமத்நகர், நாசிக், வடக்கு சதாரா, கோலாப்பூர் ஆகியவற்றிலிருந்து 150 கிராமங்கள் பொறுக்கியெடுக்கப்பட்டன. ஒவ்வோர் ஊரிலும் ஏறத்தாழ இருபது பேர் கொண்ட மன்றம். அதற்கு ஒரு தலைவர், ஒரு செயலாளர். 1956 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, ஞாயிறு மாலையும் வியாழன் மாலையும் அரைமணி நேரம் பூனா நிலையம் அவர்களுக்கென்றே ஒலிபரப்பியது. மொத்தம் இருபது நிகழ்ச்சிகள்.

அந்த மாதங்கள் எப்படிப்பட்டவை என்பதையும் நினைவுகூர வேண்டும். 1956 ஜனவரியில் பம்பாய் நகரம் கொந்தளித்துக் கிடந்தது. மராத்தியருக்கு ஒருங்கிணைந்த மாநிலம் வேண்டும் என்ற கிளர்ச்சியில் துப்பாக்கிச் சூடு நடந்து பலர் உயிரிழந்தனர். இன்னொரு புறம், அதே பூனா நிலையத்திலிருந்து, கஜானன் மாட்குள்கர் இயற்றி சுதீர் பட்கே இசையமைத்த கீத ராமாயணம் 1955 ராமநவமி தொடங்கி வாரம் ஒரு பாட்டாக ஒலித்துக்கொண்டிருந்தது. ஐம்பத்தாறு பாடல்கள், 1956 ஏப்ரலில் நிறைவுற்றது. மராத்தி வீடுகளில் வானொலிப் பெட்டிக்கு மாலை சாற்றினார்கள் என்று இன்றும் முதியவர்கள் சொல்லக் கேட்கலாம். அரசியல் புயலும் ராமகாதையும் ஒருங்கே வீசிய அந்த வானவெளியில், எலியைப் பற்றியும் எருக்குழியைப் பற்றியும் கிராமத்தாரோடு பேச அரைமணி ஒதுக்கப்பட்டது. வரலாற்று நூல்கள் முதலிரண்டை விரிவாக எழுதியுள்ளன. மூன்றாவதற்கு இடம் குறைவு.

கூட்டம் கூடிய இடம் பெரும்பாலும் ஊரின் பொது இடமாக இருந்திருக்கும்: பள்ளிக்கூடம், கோயில் முன்றில், சாவடி. மராத்தியிலும் அதற்குச் சாவடி என்றே பெயர். நாம் இங்கு வந்து கற்றுக்கொள்ள வேண்டாத சொற்களில் அது ஒன்று. மின்சாரம் எட்டாத ஊர்களில் பெட்டி பேட்டரியால் இயங்க வேண்டும். அன்றைய வால்வுப் பெட்டிக்குரிய உலர் பேட்டரியோ செங்கல் கனம் உள்ளது. தீர்ந்துவிட்டால் புதிது வரும்வரை பெட்டி மரக்கட்டைதான்.

நிகழ்ச்சியில் சொற்பொழிவு மட்டும் இருந்திருந்தால் இருபது பேரும் இரண்டாம் வாரமே வீட்டிற்குப் போயிருப்பார்கள். உரையாடல், சிறு நாடகம், பேட்டி என்று வடிவங்கள் மாறி மாறி வந்தன. உழவு, கால்நடை, உடல்நலம், கல்வி, கூட்டுறவு, பஞ்சாயத்து ஆகியவை பொருள்கள். எலி ஒழிப்பு ஒரு நாள் பொருளாயிற்று. இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள், களஞ்சியத்தில் எலி புகுந்த வீட்டைப் பார்த்தறியாதவர்கள். ஒலிபரப்பு முடிந்ததும் பெட்டியை நிறுத்திவிட்டு மன்றத்தார் பேசத் தொடங்குவர். நகரத்து நிபுணர் சொன்னது நம் நிலத்திற்குப் பொருந்துமா? அதற்குப் பணம் எங்கே? தாலுகா அலுவலகத்தில் யாரைப் பார்ப்பது? பேச்சின் முடிவையும் எழுந்த கேள்விகளையும் செயலாளர் எழுதிப் பூனாவிற்கு அனுப்புவார். பின்வரும் நிகழ்ச்சிகளின் தொடக்கத்தில் அக்கேள்விகளுக்கு விடை கூறப்பட்டது.

என் கருத்தில் இத்திட்டத்தின் உயிர்நிலை இதுவே. ஒரு குடியானவர் தம் ஊர்ச் சாவடியில் கேட்ட கேள்வி, சில நாட்களில் ஐந்து மாவட்டங்களுக்கும் கேட்கும்படி வானில் திரும்பி வந்தது. அதுவரை அரசாங்கம் என்பது அவருக்கு மனு எழுதிக் காத்திருக்கும் இடம். இப்போது அது பதில் சொல்லும் குரலாயிற்று.

இங்கே என் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அப்போது எனக்கு எட்டு வயது. என் தந்தையார் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் குமாஸ்தா. கடன் வாங்கி ஒரு மர்பி பெட்டி வாங்கியிருந்தார். எங்களுக்குப் பால் ஊற்றியவர் பக்கத்துக் கிராமத்துப் பெரியவர்; நாங்கள் தாதா என்று அழைப்போம். ஒரு ஞாயிறு மாலை, பால் வேளை அல்லாத வேளையில், அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். அரைகுறை ஹிந்தியில் அம்மாவிடம் ஏதோ கேட்டார். ஊர்ப் பெட்டியில் பேட்டரி தீர்ந்துவிட்டது, இன்று பூனா நிலையம் வைப்பீர்களா என்பதுதான் அவர் கேட்டது என்று பிற்பாடு தெரிந்தது. அந்த வேளையில் இலங்கையிலிருந்து தமிழ்ப் பாட்டு ஒலித்துக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு மொழி புரியவில்லை. தந்தையாருக்குப் பாட்டை விட மனமில்லை. தாதா சற்று நேரம் நின்று கேட்டார். நல்ல பாட்டு என்று கையால் சைகை காட்டிவிட்டுப் போய்விட்டார். அவருடைய ஊர் மன்றம் அனுப்பிய கேள்விக்கு அன்று விடை வர இருந்ததாம். பல நாள் கழித்து, மராத்தி அறிந்த ஓர் அண்டை வீட்டார் வழியாக இதை அறிந்த என் தந்தையார் மிகவும் வருந்தினார். மறு ஞாயிறு தாமே தாதாவை அழைத்து உட்காரவைத்துப் பூனாவைத் திருப்பினார். அவரும் மரியாதைக்காக வந்து உட்கார்ந்து கேட்டார். கேள்வி என்ன என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

திட்டம் பயன் தந்ததா என்பதை ஆராயும் பொறுப்பு பம்பாயிலிருந்த டாடா சமூக விஞ்ஞானக் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஆராய்ச்சியை நடத்தியவர் அங்கு வருகைப் பேராசிரியராக இருந்த பால் நியூராத். இவரது வரலாறு தனியே எழுதத் தக்கது. வியன்னாவைச் சேர்ந்தவர். 1938-இல் நாஜிகளால் கைதாகி டாக்கௌ, பூகன்வால்ட் ஆகிய சித்திரவதை முகாம்களில் அடைபட்டவர். விடுதலைக்குப் பின் அமெரிக்காவை அடைந்து, அம்முகாம்களின் சமூக அமைப்பைப் பற்றியே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆய்வுரை எழுதியவர். ஹிட்லரின் ஆட்சி மலிவு விலையில் வானொலிப் பெட்டிகளை வீடுதோறும் சேர்த்தது. தொழிற்சாலைகளிலும் தெருக்களிலும் மக்களை நிறுத்திவைத்துக் கேட்கச் செய்தது. அங்கும் கூட்டாகக் கேட்டார்கள். ஆனால் எவரும் திரும்பப் பேச முடியாது. அத்தகைய ஆட்சியிலிருந்து தப்பி வந்தவர், கேட்டவர்கள் பேசினார்களா என்று மராத்தியக் கிராமம் தோறும் சென்று ஆராய நேர்ந்ததை நான் பல முறை எண்ணிப் பார்த்ததுண்டு. அவர் அவ்விதம் எண்ணினாரோ, அறியேன்.

ஆராய்ச்சி முறை எளியது. மன்றம் உள்ள ஊர்களிலும், வானொலி மட்டும் உள்ள ஊர்களிலும், வானொலியே இல்லாத ஊர்களிலும், திட்டத்திற்கு முன்பும் பின்பும் மக்களிடம் கேள்விகள் கேட்கப்பட்டன. மன்றம் இருந்த ஊர்களில் அறிவு வெகுவாக உயர்ந்திருந்தது. ஏனைய இருவகை ஊர்களில் மாறுதல் அற்பமே. இதன் பொருள் என்ன? வெறும் பெட்டி பெரிதாக ஒன்றும் கற்பித்துவிடவில்லை. பெட்டி ஓய்ந்த பிறகு அண்டை அயலார் பேசிக்கொண்டதுதான் கற்பித்தது. இது வானொலிக்காரர்களின் பெருமையைச் சற்றுக் குறைக்கும் முடிவு. எனினும் மாதூரும் நியூராத்தும் சேர்ந்து எழுதி 1959-இல் யுனெஸ்கோ வெளியிட்ட நூலில் அதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

பேச்சோடு நின்றுவிடவும் இல்லை. மன்றங்களின் முடிவால் சில ஊர்களில் கிணறுகள் வெட்டப்பட்டன. உயர்ந்த இனக் காளைகளும் வெள்ளை லெகார்ன் கோழிகளும் வாங்கப்பட்டன. விற்பனைச் சங்கங்களும் பாலவாடிகளும் தொடங்கப்பட்டன. மூன்று மாத காலத்தில் இவ்வளவு நடந்தது சிறிதன்று. ஆயினும் மன்றங்களில் அமர்ந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள் என்பதையும் சொல்லாமல் விடலாகாது. பாலவாடி வேண்டும் என்று முடிவு செய்தவர் தந்தையார். அங்கே பிள்ளையை விட்டுவிட்டுக் களையெடுக்கப் போகிற தாயார் அம்மாலையில் அடுப்படியில் இருந்தார்.

வெற்றி கண்ட அரசு 1959 நவம்பரில் இத்திட்டத்தை நாடெங்கும் விரித்தது. சர்ச்சா மண்டல் என்ற பெயரில் மன்றங்கள் பெருகின. 1965-ஆம் ஆண்டளவில் அவை ஏறத்தாழ 12,000 என்று கணக்கு. எண்ணிக்கை பெருகப் பெருக உயிர் தேய்ந்தது. 150 ஊர்களின் கடிதங்களைப் படித்து விடையளிக்க ஒரு நிலையத்தால் இயலும். ஆயிரக்கணக்கான ஊர்களுக்கு இயலுமா? தனி அமைப்பாளர்கள் இருந்த இடத்தில், முன்பே பத்து வேலை சுமந்த வட்டார அலுவலர் பதினோராவதாக இதையும் சுமந்தார். பழுதான பெட்டிகள் பழுதாகவே கிடந்தன. பிறகு டிரான்சிஸ்டர் வந்தது. அவரவர் கையில் அவரவர் பெட்டி. சாவடியில் கூடவேண்டிய தேவையே இல்லாமற் போயிற்று. மன்றங்களை யாரும் கலைக்கவில்லை. கேள்விக்கு விடை வராதபோது கேள்வி எழுதுவது நின்றது. கேள்வி நின்றபோது கூடுவதும் நின்றது. வரலாற்றில் பல நல்ல காரியங்கள் இப்படித்தான் முடிந்திருக்கின்றன. முடிந்த தேதியைக் குறித்து வைத்தவர் கூட இல்லை.

ஆனால் விதை வீண்போகவில்லை. 1966 முதல் சில நிலையங்களில் உழவர்க்கென வேளாண்மைப் பிரிவுகள் ஏற்பட்டன. நம் தஞ்சை மாவட்டத்தில் அக்காலத்தில் நடந்ததைப் பலர் அறிவர். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ஏ.டி.டி. 27 என்ற நெல் இரகத்தைப் பற்றித் திருச்சி வானொலி வாயிலாகக் கேட்டறிந்த குடியானவர்கள் கடையில் அதன் எண்ணைச் சொல்லிக் கேட்கவில்லை. 'ரேடியோ நெல்' என்று கேட்டார்கள். அரிசிக்கு வானொலியின் பெயர் வைத்த சிறப்பு நம்மவர்க்கு உரியது. பூனாவில் 1956-இல் பார்த்த பரீட்சைக்கும் தஞ்சையில் விளைந்த நெல்லுக்கும் நேர் உறவு உண்டென்று நான் சாதிக்க வரவில்லை. கேட்பவரின் வயலைப் பற்றிப் பேசினால் அவர் முள்ளைத் திருப்பமாட்டார் என்பது மட்டும் இரண்டு இடங்களிலும் மெய்யாயிற்று.

கேட்பவர் தாமே ஒலிபரப்பவும் செய்யலாம் என்ற நிலை வருவதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. 1995-இல் உச்ச நீதிமன்றம், வானலைகள் பொதுமக்களின் சொத்து என்று தீர்ப்பளித்தது. 2002-இல் கல்வி நிலையங்களுக்குச் சிறு வானொலி நடத்த அனுமதி கிடைத்தது. 2004-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகம் அவ்வழியில் முதலாவதாகத் தொடங்கிற்று. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அவ்வுரிமை வந்தது. 2008-இல் சதாரா மாவட்டத்தில் மாண் தாலுகாவைச் சேர்ந்த மஸ்வட் என்னும் சிற்றூரில், பெண்களுக்கென 1997-இல் கூட்டுறவு வங்கி கண்ட மாண்தேசி அமைப்பினர் ஒரு சமூக வானொலியை நிறுவினர்.

மாண்தேசம் மழை பொய்க்கும் பூமி. ஆடு மேய்ப்பவர் மிகுந்த பூமி. அப்பகுதி மனிதர்களை இலக்கியத்தில் நிறுத்திய வெங்கடேஷ் மாட்குள்கர், பூனா வானொலியின் கிராம நிகழ்ச்சிப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவர் என்பதையும் இங்கே சேர்த்துக் குறிப்பிடலாம். கீத ராமாயணம் பாடிய கஜானனரின் தம்பி அவர்.

சில ஆண்டுகளுக்கு முன் சதாரா வழியாகப் பண்டரிபுரத்திற்குக் குடும்பத்தோடு சென்றுகொண்டிருந்தேன். மஸ்வட்டை நெருங்குகையில் என் பேரன் காரில் வானொலியின் முள்ளைத் திருப்பினான். இப்போது முள் இல்லை, எண்தான். ஒரு பெண்குரல் கேட்டது. தம் வீட்டு ஆடு இரண்டு நாட்களாகத் தீனி எடுக்கவில்லை, என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டிருந்தார். படித்தவரின் மராத்தி அன்று. பால் ஊற்றிய தாதாவின் மராத்தி. எனக்கு இப்போது ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. மறுமுனையில் இருந்தவரும் பெண்ணே. அவர் விடையை உடனே சொல்லிவிடவில்லை. ஆட்டின் வயது என்ன, என்ன இலை போட்டீர்கள், குட்டி ஈன்று எத்தனை நாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார். பேரன் பாட்டு வைக்கலாமா தாத்தா என்றான். சற்றுப் பொறு என்றேன்.